செவிக்கு எட்டும் வகுப்பறை: பள்ளிக் கட்டட வடிவமைப்பும் தொடக்கநிலைக் கற்றலும்

முன்னுரை

தமிழ்நாட்டில் பள்ளிக் கட்டடம் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடுகிறது: வகுப்பறைகள் எத்தனை? அவை பாதுகாப்பானவையா? இரண்டும் தவிர்க்க முடியாத கேள்விகள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. அதன் பிறகு பாதுகாப்பைப் பின்னுக்குத் தள்ளிப் பேச யாருக்கும் உரிமையில்லை. அந்தத் துயரத்தை முன்வைத்துத் தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், பாதுகாப்பான கட்டடமும் கல்வி உரிமையின் ஒரு பகுதியே என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறை, தடையற்ற நுழைவு, தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சமையலறை, விளையாட்டிடம், சுற்றுச்சுவர் ஆகியவற்றைத் தன் அட்டவணையில் கட்டாயமாக்கியது.

இந்தப் பட்டியலில் இருப்பவை அனைத்தும் எண்ணக்கூடியவை. ஆய்வாளர் ஒருவர் பள்ளிக்கு வந்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'உண்டு', 'இல்லை' என்று குறித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த அறைக்குள் ஆசிரியர் சொல்லும் சொல் கடைசி வரிசைக் குழந்தையின் காதில் சிதையாமல் விழுகிறதா என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. கட்டடம் கற்றலைப் பாதிக்கும் வழிகள் பல. அவற்றுள் தொடக்க வகுப்புகளுக்கு முதன்மையானது ஒலி என்பதும், அந்தப் பட்டியல் கவனிக்காமல் விட்டதும் அதுவே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கற்பித்தல் முறையும் கட்டடமும்

கற்பிக்கும் முறைக்கும் கட்டடத்துக்கும் உள்ள உறவை விளக்கச் சென்னையிலிருந்தே தொடங்கலாம். 1789 முதல் எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் குழந்தைகள் மணலில் எழுதிப் பழகுவதையும் மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பதையும் தம் இல்லத்தில் கைக்கொண்டார். 1797இல் லண்டனில் அதை நூலாகவும் வெளியிட்டார். சட்டாம்பிள்ளை வழக்கத்தின் சாயல் கொண்ட அந்த முறை இங்கிலாந்தில் 'மதராஸ் முறை' என்று பெயர் பெற்றது. ஏறக்குறைய அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர், ஒரே ஆசிரியரின் மேற்பார்வையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அமரும் பெருங்கூடத்தைப் பள்ளியின் வடிவமாக்கினார். கற்பிக்கும் முறை ஒன்று கட்டட வகை ஒன்றை உருவாக்கியது.

திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் உரக்க ஓதியே கற்றார்கள். அது அந்த இடத்துக்குப் பொருந்திய முறை. திண்ணைக்கு எதிர்ச்சுவர் கிடையாது. எழும்பிய ஒலி தெருவெளிக்குப் போய்விடும், திரும்பி வராது. அதே உரத்த ஓதலை நான்கு பக்கமும் சிமெண்ட் பூச்சு, மேலே கான்கிரீட், கீழே ஓடு என்று அமைந்த அறைக்குள் கொண்டுவந்தால், ஒவ்வொரு அசையும் சுவருக்குச் சுவர் மோதி அடுத்த அசையின் மேல் விழுகிறது. முறையை மட்டும் இடம் மாற்றி, அது இயங்குவதற்கான சூழலை நாம் விட்டுவந்துவிட்டோம்.

இதே பிழை அண்மைக் காலத்திலும் நடந்திருக்கிறது. ரிஷிவேலி கல்வி மையத்தின் அனுபவத்திலிருந்து உருவான செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலமெங்கும் பரவியது. கட்டடத்தில் அது கேட்ட மாற்றங்கள் சிறியவை, ஆனால் கூர்மையானவை: குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்மட்டக் கரும்பலகை, பாயில் வட்டமாக அமர இடம், குழந்தைகளின் படைப்புகளைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துப் பாடல், கதை, செயல்பாடு வழியே கற்பிக்கச் சொல்கிறது. இரண்டுமே ஓர் அறைக்குள் பல குழுக்கள் ஒரே நேரத்தில் பேசுவதை இயல்பாகக் கொண்டவை. கல்வி உரிமைச் சட்டப்படி 60 மாணவர் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஆகவே ஐந்து வகுப்புகள் இரண்டு அறைகளில் அடங்க வேண்டியிருக்கிறது. ஈராசிரியர் பள்ளியில் ஒரு வகுப்பு பாடும்போது இன்னொரு வகுப்பு வாய்ப்பாடு சொல்லும். குழுக்கள் கூடின, அந்த அறையின் கூரையும் சுவரும் மட்டும் முன்பு போலவே இருக்கின்றன.

ஒலி பற்றிய சான்றுகள்

கட்டட ஒலியியல் என்ற துறையே ஒரு வகுப்பறையில் பிறந்ததுதான். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஃபாக் விரிவுரைக் கூடத்தில் பேசுவது எதுவும் விளங்கவில்லை. காரணம் காண இளம் இயற்பியலாளர் வாலஸ் சபைன் நியமிக்கப்பட்டார். பக்கத்து அரங்கின் இருக்கைத் திண்டுகளை இரவில் கூடத்துக்குள் கொண்டுவந்து அடுக்கி, ஒலி அடங்க ஆகும் நேரத்தை, அதாவது எதிர்முழக்க நேரத்தை, அவர் அளந்தார். அறையின் கன அளவு கூடினால் எதிர்முழக்க நேரம் கூடும், ஒலி உறிஞ்சும் பரப்பு கூடினால் அது குறையும் என்ற எளிய விதி அதிலிருந்து கிடைத்தது.

ஒலி கற்றலைத் தொடுகிறது என்பதற்கு நியூயார்க்கின் ஒரு தொடக்கப் பள்ளி தெளிவான சான்று. மன்ஹாட்டனில் உயர்மட்ட ரயில் பாதையை ஒட்டி நின்ற அந்தப் பள்ளியில், பாதையைப் பார்த்த பக்கத்து வகுப்பறைகளையும் மறுபக்கத்து வகுப்பறைகளையும் அர்லைன் பிரான்சாஃப்ட், டென்னிஸ் மெக்கார்த்தி இருவரும் ஒப்பிட்டு 1975இல் எழுதினார்கள். இரைச்சல் பக்கத்துப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். உயர் வகுப்பில் அந்த இடைவெளி ஏறத்தாழ ஒரு கல்வியாண்டு அளவுக்கு வந்தது. பின்னர் தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் திண்டுகளும் வகுப்பறைக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகளும் பொருத்தப்பட்டன. 1981இல் பிரான்சாஃப்ட் வெளியிட்ட மறு ஆய்வில் இரு பக்கத்துக்கும் வேறுபாடு இல்லை. பள்ளியும் பாடமும் மாறவில்லை, மாறியது இரைச்சல்தான்.

1992இல் மியூனிக் நகரின் பழைய விமான நிலையம் மூடப்பட்டுப் புதியது வேறிடத்தில் திறக்கப்பட்டபோதும் இதே படிப்பினை கிடைத்தது. பழைய நிலையத்தருகே வாழ்ந்த குழந்தைகளின் வாசிப்பும் நீண்டகால நினைவும் மேம்பட்டன. புதியதன் அருகே வாழ்ந்தவர்களுக்கு அவை சரிந்தன.

சிறு குழந்தைகள் இதில் பெரியவர்களைவிடக் கூடுதலாகப் பாதிக்கப்படுவதற்குக் காரணம் உண்டு. பாதி கேட்ட சொல்லைப் பெரியவர் தம் சொல்வளத்தால் நிரப்பிக்கொள்வார். சொல்லையே இப்போதுதான் கற்கும் ஆறு வயதுக் குழந்தையிடம் நிரப்பிக்கொள்ளச் சரக்கு இல்லை. வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைக்கும், சளி, காதுவலியால் கேள்திறன் தற்காலிகமாகக் குறைந்த குழந்தைக்கும் இந்தச் சுமை இன்னும் அதிகம்.

ஒரு வகுப்பறையின் கணக்கு

6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3.2 மீட்டர் உயரமுள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். கன அளவு சுமார் 115 கன மீட்டர். பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை, ஓடு பதித்த தரை ஆகியவை தம் மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கை மட்டுமே உறிஞ்சுவதாகக் கொள்வோம். திறந்த சன்னலும் கதவும் சேர்ந்து 5 சதுர மீட்டர். அவற்றில் பட்ட ஒலி வெளியேறிவிடும். முப்பது குழந்தைகளின் உடலும் உடையும் சேர்ந்து 9 சதுர மீட்டருக்கு இணையாக உறிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். சபைன் விதிப்படி எதிர்முழக்க நேரம் சுமார் 1 நொடி. வெயிலுக்கோ சாலை இரைச்சலுக்கோ சன்னலையும் கதவையும் சாத்தினால் அது 1.4 நொடியை நெருங்கும். உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வகுப்பறைக்குப் பரிந்துரைப்பது 0.6 நொடி, பின்னணி இரைச்சலுக்கு அது விதித்த எல்லை 35 டெசிபல்.

இந்த வேறுபாடு தமிழ் கற்கும் குழந்தைக்கு என்ன செய்யும்? 'பாடு', 'பாட்டு' என்ற இரு சொற்களைச் சொல்லிப் பாருங்கள். 'பாட்டு' என்பதில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி நிற்கும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி மௌனம் விழுகிறது. இரட்டிப்பைக் காதுக்குக் காட்டிக்கொடுக்கும் முக்கிய அடையாளம் அந்த மௌனம். எதிர்முழக்க நேரம் என்பது ஒலி 60 டெசிபல் குறைய ஆகும் நேரம். அது 1 நொடியாக இருந்தால், பத்தில் ஒரு நொடியில் முந்திய நெடிலின் ஒலி 6 டெசிபல் மட்டுமே குறைந்திருக்கும். மௌனம் இருக்க வேண்டிய இடத்தில் 'பா'வின் முழக்கம் நிரம்பியிருக்கும். ல, ள, ழ வேறுபாடும் ன, ண வேறுபாடும் இதைவிட நுண்ணிய, கண நேர ஒலி மாற்றங்களில் தங்கியிருப்பவை. எழுத்துப் பிழைகளுக்குக் குழந்தையின் கவனக்குறைவையும் வீட்டுப் பேச்சையும் மட்டும் காரணமாகச் சொல்வதற்கு முன், அந்தக் குழந்தைக்கு எது கேட்டது என்று கேட்டாக வேண்டும்.

தீர்வும் இதே கணக்கில் இருக்கிறது. கூரையின் பாதிப் பரப்பில், 18 சதுர மீட்டருக்கு, விழும் ஒலியில் நூற்றுக்கு அறுபது பங்கை உறிஞ்சும் பலகையைப் பொருத்தினால், சன்னல் திறந்த நிலையில் எதிர்முழக்க நேரம் 0.65 நொடிக்கு இறங்குகிறது.

வெப்பம், சன்னல், கூரை

ஒலியைத் தனியாகத் தீர்க்க முடியாது. சன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதை வெப்பம் தீர்மானிக்கிறது. கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய வெப்பத்தைப் பிற்பகலில் குழந்தைகளின் தலைமேல் இறக்குகிறது. அமெரிக்க மாணவர்களின் தேர்வுத் தரவை ஆராய்ந்து ஜிசங் பார்க் குழுவினர் 2020இல் வெளியிட்ட கட்டுரை, குளிர்சாதனம் இல்லாத பள்ளிகளில் ஆண்டு வெப்பம் ஒரு பாரன்ஹீட் பாகை கூடினால் அந்த ஆண்டின் கற்றல் ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறைவதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் 2023இலும் 2024இலும் கோடை வெப்பத்தால் பள்ளித் திறப்பே தள்ளிப்போனது. நாட்காட்டியை ஓரளவுக்கு நகர்த்தலாம். மீதி நாள்களுக்குக் கூரைதான் பொறுப்பு. மேல்தளத்தில் வெண்ணிற எதிரொளிப்புப் பூச்சு, தென்புற, மேற்புறச் சுவர்களுக்கு அகலமான தாழ்வாரம், எதிரெதிர் சன்னல் ஆகியவை அறையைக் குளிர்விக்கும். அறை குளிர்ந்தால் மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கலாம், அதன் கரகரப்பும் குறையும்.

சுவர் ஓவியங்களின் எல்லை

கட்டடத்தையே கற்றல் கருவியாக்கும் 'பாலா' அணுகுமுறையைக் கட்டடக் கலைஞர் கபீர் வாஜ்பேயி வளர்த்தெடுத்தார். கதவு திறக்கும் தரையில் கோணமானி, சன்னல் கம்பியில் எழுத்துக்கு முந்திய கைப்பயிற்சி வடிவங்கள் என்று குழந்தை தொட்டு அறியும் ஏற்பாடுகள் அதில் உள்ளன. அந்தச் சிந்தனை போற்றத்தக்கது. ஆனால் நடைமுறையில் அது பல இடங்களில் சுவரெங்கும் வண்ணம் தீட்டும் வேலையாகச் சுருங்கிவிட்டது. அன்னா ஃபிஷர் குழுவினரின் 2014ஆம் ஆண்டு ஆய்வு இங்கே எச்சரிக்கையாக அமைகிறது. படங்கள் நிறைந்த அறையில் பாலர் வகுப்புக் குழந்தைகள் பாட நேரத்தில் 38.6 விழுக்காட்டைக் கவனம் சிதறிக் கழித்தார்கள்; எளிய அறையில் அது 28.4 விழுக்காடு. 24 குழந்தைகளிடம் மட்டும் செய்யப்பட்ட சிறிய ஆய்வு இது என்றாலும், வண்ணம் கூடக்கூடக் கற்றல் கூடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் தேட வைக்கிறது.

மறுப்புகளும் விடைகளும்

நல்ல ஆசிரியர் இருந்தால் மரத்தடியும் பள்ளியே என்பது முதல் மறுப்பு. உண்மைதான்; ஆனால் மரத்தடியில் எதிர்முழக்கம் இல்லை, நிழல் உண்டு, காற்று உண்டு. அந்த வாதம் மோசமான அறைக்கு ஆதரவாகாது. நல்ல ஆசிரியரின் குரலை நாள் முழுவதும் வீணடிக்கும் அறை, அவருடைய திறமையையே வீணடிக்கிறது.

கட்டடத்துக்கும் கற்றலுக்கும் உள்ள தொடர்பு வெறும் உடனிகழ்வு என்பது இரண்டாவது. பீட்டர் பாரெட் தலைமையில் இங்கிலாந்தில் 27 பள்ளிகள், 153 வகுப்பறைகள், 3,766 மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. மாணவர்களின் ஓராண்டு முன்னேற்றத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் 16 விழுக்காட்டை வகுப்பறையின் தன்மைகள் விளக்குவதாக அது சொன்னது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை நிறுவுவதல்ல என்பது சரியே. நியூயார்க், மியூனிக் சான்றுகளின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது: அவற்றில் இரைச்சல் நீங்கியதும் பின்னடைவும் நீங்கியது.

கட்டடத்தை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று நம்புவதும் தவறு. 1960களிலும் 70களிலும் அமெரிக்காவும் பிரிட்டனும் குழுக் கற்றலை ஊக்குவிக்கச் சுவர்களை நீக்கித் திறந்தவெளிப் பள்ளிகளைக் கட்டின. பக்கத்துக் குழுவின் பேச்சு தாங்காமல் ஆசிரியர்கள் அலமாரிகளை வரிசையாக நிறுத்தித் தடுப்பு உண்டாக்கினார்கள். பல இடங்களில் சுவர்கள் மீண்டும் எழுந்தன. ஒலியை மறந்த சீர்திருத்தம் ஒலியாலேயே தோற்றது.

பரிந்துரைகள்

முதலாவதாக, புதிய தொடக்கப் பள்ளி வகுப்பறைகளுக்கான மதிப்பீட்டில் எதிர்முழக்க நேரம் 0.6 நொடி என்பதை ஒரு தர அளவாகச் சேர்க்க வேண்டும். கூரைப் பலகைக்கு எளிதில் தீப்பற்றாத மரச்சீவல் சிமெண்ட் பலகை போன்றவற்றையே ஏற்க வேண்டும். கும்பகோணத்தின் பாடத்தை மறந்து ஓலையையும் பதப்படுத்தாத நாரையும் மீண்டும் கூரைக்கு ஏற்றக் கூடாது.

இரண்டாவதாக, ஒவ்வோர் அறையின் முன்னும் ஒரு குழு அமர்ந்து படிக்கப் போதுமான அகலத்தில் தாழ்வாரம் வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் அதுவே மூன்றாவது வகுப்பறை.

மூன்றாவதாக, இருக்கும் கட்டடங்களில் செலவின்றிச் செய்யக்கூடியது உண்டு: சாலைக்கும் சமையலறைக்கும் மிகத் தொலைவான அறையை மேல் வகுப்புகளிடமிருந்து எடுத்து, ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளுக்குக் கொடுப்பது.

முடிவுரை

2022இல் அறிவிக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தின் மதிப்பு 7,000 கோடி ரூபாய். இப்படிக் கட்டப்படும் அறைகள் அரை நூற்றாண்டு நிற்கும். அவற்றில் திறன்மிகு வகுப்பறைத் திரைகள் சில ஆண்டுகளில் பழையதாகி மாற்றப்படும். கூரையும் சுவரும் மாறா. திரைக்கு ஒதுக்கும் பணத்துக்கு முன்பாகக் கூரைக்குப் பணம் ஒதுக்குவதே முறை. பொதுப்பணித் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் அறை ஒன்றை ஒப்படைப்பதற்கு முன் ஒரு சோதனையை நடத்தட்டும்: ஆசிரியர் முன்னே நின்று இயல்பான குரலில் சொல்லும் சொற்களைக் கடைசி வரிசைக் குழந்தை பிழையின்றித் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தச் சோதனையில் தேறாத அறையை வகுப்பறை என்று கணக்கில் சேர்க்கக் கூடாது.