மாசாய் மரபுப் பாதுகாப்பு

தெற்குக் கென்யாவிலும் வடக்குத் தான்சானியாவிலும் மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்களின் சடங்குகளையும் வழக்கங்களையும் அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்க்கும் முயற்சி. மா மொழி பேசும் இவர்களின் மரபு ஏட்டில் வளர்ந்ததல்ல; வயதுக்குழுக்களின் வழியே கைமாறி வருவது. என்கிபாத்தா சடங்கில் சிறுவர்கள் ஒரே குழுவாகச் சேர்க்கப்படுவர். விருத்தசேதனத்துக்குப் பின் மொரான் எனும் வீரராவர். எவுனோட்டோ சடங்கில், மகன் செங்காவி பூசி நீள வளர்த்த சடையைத் தாயே மழித்துவிடுகிறாள். ஓல்ங்கெஷெர் எனும் இறைச்சி விருந்தோடு அவர்கள் மூப்பர் நிலைக்கு உயர்வர். என்கிபாத்தா, எவுனோட்டோ, ஓல்ங்கெஷெர் ஆகிய மூன்று சடங்குகளையும் யுனெஸ்கோ 2018இல் அவசரப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

பட்டியலில் சேர்த்தால் மட்டும் போதாது; மேய்ச்சல் நிலமும் வேண்டும். மாசாய்களுடன் செய்த 1904, 1911 ஒப்பந்தங்களின் பெயரால் பிரிட்டிஷ் ஆட்சி வளமான மேய்ச்சல் நிலங்களைப் பறித்தது. பின்னர் வனவிலங்குக் காப்பகங்களும் வேலியிட்ட தனிப்பட்டாக்களும் எஞ்சியதைச் சுருக்கின. நிலமில்லையேல் சடங்குக்கு மாடு ஏது? (சுற்றுலா விடுதி முற்றத்தில் காசுக்கு ஆடிக்காட்டும் துள்ளல் நடனத்தை மரபுப் பாதுகாப்பின் கணக்கில் சேர்ப்பதற்கில்லை.) எல்லா வழக்கமும் காக்கத்தக்கதுமல்ல: பெண்ணுறுப்புச் சிதைப்பைக் கென்யா 2011ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்தது, சில ஊர்களில் வெட்டில்லாத மாற்றுச் சடங்கு நடக்கிறது. மொரான்களின் மரபான சிங்க வேட்டைக்கு மாற்றாக, 2012 முதல் கென்யாவின் அம்போசெலி வட்டாரத்தில் மாசாய் ஒலிம்பிக்ஸ் நடத்தப்படுகிறது. ஈட்டி எறிதலும் உயரத் துள்ளலும் அதன் போட்டிகளில் அடங்கும்.