ஃபோர்க்

லத்தீன் 'ஃபுர்கா', வைக்கோல் அள்ளும் கவைக்கோல். அதன் வழிவந்தது 'ஃபோர்க்'. தமிழில் கவை. வழி பிரியும் இடத்தைச் சங்கத் தமிழ் 'கவலை' என்றே சொன்னது, பொருத்தம்தான்!

கிரிப்டோவில் இது விதிமாற்றம். புதிய பிளாக்கைப் பழைய மென்பொருளும் ஏற்றால் சாஃப்ட் ஃபோர்க். ஏற்காவிட்டால் ஹார்டு ஃபோர்க். பின்னதென்றாலே பிளவு என்பது தவறான எண்ணம். எல்லாரும் மாறிவிட்டால் சங்கிலி ஒன்றே. 2016இல் எத்தீரியத்தின் ஹார்டு ஃபோர்க்கின்போது அப்படி மாறாதவர்களால் நிலைத்த பழைய சங்கிலிதான் எத்தீரியம் கிளாசிக்.

2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் மைனிங்கைக் கைவிட்டு, ஈடு வைத்தோர் சரிபார்க்கும் முறைக்குப் போனதும் ஹார்டு ஃபோர்க்தான். 2020 டிசம்பர் முதல் தனியே ஓடி முதிர்ந்த பீக்கன் சங்கிலியோடு இணைந்ததால் அதற்கு 'மெர்ஜ்' என்று பெயர். மைனர்கள் சிலர் பழைய முறையிலேயே பிரிந்துபோனார்கள், பெருங்கூட்டம் பின்தொடரவில்லை.