பசலி

பசலி என்பது தமிழ்நாட்டு வருவாய்த் துறை கணக்கெழுதும் ஆண்டு. ஜூலை 1-இல் தொடங்கி மறு ஆண்டு ஜூன் 30-இல் முடியும். தொடங்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி எண் வந்துவிடும். 2025 ஜூலையில் பிறந்தது 1435-ஆம் பசலி.

மூலச்சொல் அரபியின் 'ஃபஸ்ல்'. பிரிப்பது, பிரிந்த பகுதி என்பது அடிப்பொருள். அரபியில் பருவகாலம், நூலின் இயல், எகிப்தியப் பள்ளிகளில் வகுப்பறை, எல்லாமே ஃபஸ்ல்தான். இந்தியிலும் உருதிலும் வயலில் நிற்கும் பயிர் 'ஃபசல்'. துருக்கியில் ஒரே பண்ணில் அமைந்த உருப்படிகளைக் கோத்து நடத்தும் கச்சேரி 'ஃபசில்'. இந்தோனேசியாவில் சட்டத்தின் ஒரு பிரிவு 'பசல்'. மலேசியப் பேச்சில் 'அப்பசல்' என்றால் 'ஏன்'. இச்சொல் பயிரிலிருந்து விலகி ஆண்டின் பெயராக இறுகியது இந்திய வருவாய் ஆவணங்களில்.

அதற்குக் காரணம் வரிவசூல். ஹிஜ்ரி ஆண்டு நிலாவைப் பின்பற்றுவதால் சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. கதிர் முற்றுமுன்பே தவணை வந்து நிற்கும். அக்பர் ஆட்சியில் ஹிஜ்ரி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, ஓட்டத்தைச் சூரியனுக்கு மாற்றினார்கள். தக்காணத்தில் இம்முறை ஷாஜகான் காலத்தில், 1636-இல் வந்தது. அப்போது ஹிஜ்ரி 1046. தெற்கே 590 என்ற வித்தியாசம் நிலைத்தது அதனால்தான். வட இந்தியப் பசலி எண் வேறு. சென்னை மாகாணத்தில் ஆடிப் பிறப்பை ஒட்டித் தொடங்கிவந்த பசலி, 1855-இல் ஜூலை 1-க்கு மாறியது.

பழனி வட்டத்து நெய்க்காரப்பட்டி வெல்ல மண்டிக்குப் பேர்போன ஊர். சுற்றிலும் கரும்பு. தையில் நட்ட கரும்பு ஆலைக்குப் போக அடுத்த தை ஆகிவிடும்; நடுவே ஜூலை வந்து பசலி மாறிவிடும். ஆகவே ஒரே கரும்பு இரண்டு பசலி அடங்கலிலும் ஏறும். அடங்கல் என்பது கிராமக் கணக்கு எண் 2. எந்தப் புல எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று கிராம நிர்வாக அலுவலர் பதியும் ஏடு இது. பயிர்க்கடனோ இழப்பீடோ கேட்டுப் போகிறவரிடம் "எந்தப் பசலி அடங்கல்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இரண்டாம் போகத்துக்குப் பாய்ந்த நீருக்கான கூடுதல் தீர்வை, பழைய ஏடுகளில் 'பசல் ஜாஸ்தி'. அங்கே மட்டும் பயிர் என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பசலி முடியும் தறுவாயில், மே, ஜூன் மாதங்களில், வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். 'வருவாய்த் தீர்வாயம்' என்பது அரசு வைத்த பெயர். மனுவோடு வரிசையில் நிற்கிறவர்கள் ஜமாபந்தி என்றே சொல்வார்கள். அன்று கிராமக் கணக்குகள் தணிக்கையாகும். நிலமளக்கும் சங்கிலியையும் கொண்டுவந்து விரித்து, நீளம் சரிதானா என்று பார்ப்பார்கள்.