லிட்டில் பிக்ஹார்ன் சொல்லும் பாடம்

"எஞ்சினீயருக்குச் சரித்திரத்தில் என்னய்யா வேலை?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வேலை இருக்கிறது, நண்பர்களே. பாலம் இடிந்தால் ஏன் இடிந்தது என்று துருவிப் பார்க்கிறோம் அல்லவா? தோற்றுப்போன போரையும் அப்படிப் பார்க்கலாம்.

1876 ஜூன் 25. அமெரிக்காவின் மொன்டானா பகுதி. லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லகோட்டா, செயென் மக்கள் முகாமிட்டிருந்தார்கள். பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதி லகோட்டாக்களுக்கே என்று 1868-இல் அரசாங்கமே ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தது. 1874-இல் அங்கே தங்கம் கிடைத்ததும் ஒப்பந்தம் காற்றில் பறந்தது. பணிய மறுத்தவர்களை அடக்கப் புறப்பட்ட படைகளில் ஒன்றுதான் லெப்டினன்ட் கர்னல் கஸ்டரின் 7-ஆவது குதிரைப்படை; ஏறத்தாழ 600 பேர்.

அன்று காலை க்ரோ, அரிக்கரா இனத்து வேவுகாரர்கள் குன்றின் மேலிருந்து பார்த்து, ரொம்பப் பெரிய முகாம் என்று எச்சரித்தார்கள். கஸ்டரும் ஏறிப் பார்த்தார். அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. எதிரி தப்பி ஓடிவிடுவானோ என்பதே அவர் கவலை. எதிர்த்து நின்றால் என்ன செய்வது என்ற யோசனை இல்லை. ஒரு வாரம் முன்பு, ஜூன் 17-இல், இதே வீரர்கள் ஜெனரல் குரூக்கின் படையைத் தடுத்து நிறுத்தியிருந்தார்கள். அந்தச் சேதி கஸ்டருக்கு எட்டவே இல்லை.

1868-இல் வாஷிட்டா நதிக்கரையில் படையை நாலாகப் பிரித்துச் சூழ்ந்து ஜெயித்தவர் அவர். இங்கேயும் அதே ஃபார்முலா. 12 கம்பெனிகளில் 5 தன்னோடு, 3 ரீனோவோடு, 3 பென்டீனோடு, 1 மூட்டை சுமக்கும் கோவேறு கழுதைகளுக்குக் காவல். மேடும் பள்ளமுமான நிலம். ஒருவர் கண்ணில் ஒருவர் படவில்லை. தகவல் தொடர்பு என்றால் குதிரையில் ஆள் அனுப்புவதுதான்.

முதலில் மோதிய ரீனோ அடி வாங்கி மேட்டுக்கு ஓடினார். "மூட்டைகளோடு சீக்கிரம் வா" என்ற கஸ்டரின் சீட்டு பென்டீனுக்குக் கிடைத்தது. ஆனால் அவர் ரீனோவோடு சேர்ந்து அந்த மேட்டிலேயே நின்றுவிட்டார். சுமார் 4 மைல் தள்ளி, கஸ்டரோடு போன ஏறத்தாழ 210 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. 1984-இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த தோட்டாக்களைப் பார்த்தால், எதிர்த்தரப்பில் பலர் கையில் தொடர்ந்து சுடும் துப்பாக்கிகள் இருந்தது தெரிகிறது. சிப்பாய்களுடையதோ ஒரு தடவைக்கு ஒரு குண்டு.

ஜெயித்தவர்களுக்கும் மண் நிலைக்கவில்லை. 1877-இல் பிளாக் ஹில்ஸ் பறிபோனது. உரிய விலை தராமல் எடுத்தது தவறு, நஷ்ட ஈடு கொடு என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லகோட்டாக்கள் பணத்தைத் தொடவில்லை; மலைதான் வேண்டும் என்கிறார்கள்.

நான் வேலை பார்த்த சைட்டுகளிலும் இதே கதையைக் கண்டிருக்கிறேன். "மண்ணு சரியில்ல சார்" என்று மேஸ்திரி சொல்வார். "போன ப்ராஜெக்ட்ல இப்படித்தானே செஞ்சோம்" என்று மேலே இருப்பவர் தட்டிக்கழிப்பார். இந்த மலரைப் படிக்கும் தம்பிகளே, போன தடவை ஜெயித்த திட்டத்தை எடுக்கும்போது நிலமும் எதிராளியும் அதேதானா என்று பாருங்கள். கீழே இருப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். திட்டம் போட்டது கஸ்டர் ஒருவர். உயிரைக் கொடுத்தது அத்தனை பேர்.