எழுத்தை எண்ணியவர்
கையிலுள்ள ஏழு எழுத்துகளைக் கொண்டு ஆங்கிலச் சொல் அமைக்கும் ‘ஸ்கிராபிள்’ ஆட்டத்தை மாணவ நேயர்கள் அறிவர். அது வறுமைக் காலத்தில் பிறந்தது என்பதை அறிந்தோர் சிலரே. 1930களில் அமெரிக்காவைப் பொருளாதாரப் பெருமந்தம் வாட்டியபோது வேலையிழந்த கட்டடக் கலைஞர் ஆல்பிரட் பட்ஸ், சோம்பியிருந்தாரல்லர். நாளிதழ்ப் பக்கங்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்துணை முறை வருகின்றதெனப் பொறுமையுடன் எண்ணினார். அக்கணக்கின் வழியே, மிகுதியாக வழங்கும் ‘ஈ’ எழுத்திற்கு 12 வில்லைகளும் 1 புள்ளியும், அருகி வரும் ‘கியூ’விற்கு 1 வில்லையும் 10 புள்ளிகளும் அமைந்தன. பன்மைச் சொற்கள் மலிந்துவிடும் என்றஞ்சி, ‘எஸ்’ எழுத்தை 4 வில்லைகளோடு நிறுத்தினார். நிறுவனங்கள் இவ்வாட்டத்தை ஏற்க மறுத்தன. 1948இல் ஜேம்ஸ் புரூனோ என்பார் அதற்கு இப்பெயர் சூட்டி வெளியிட்டார்; 1950களில் அது நாடெங்கும் பரவிற்று. வேலையற்ற நாள்களில் பட்ஸ் எண்ணிய கணக்கே ஆங்கில ஆட்டத்திற்கு இன்றும் அடிப்படையாக நிற்கின்றது.