காரை அலகாகக் கொண்ட பாடம்

தெரு நெரிசலை ஆராய்ந்தும் முனைவர் பட்டம் வாங்கலாம் என்பதை ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1924இல் ஏற்றுக்கொண்டது. பட்டம் பெற்ற மில்லர் மெக்ளின்டாக் பொறியாளர் அல்லர். நகராட்சி நிர்வாகம் படித்தவர். அதே ஆண்டில் பிட்ஸ்பர்க் நகரம் பர்ட்டன் மார்ஷ் என்பவரை முழுநேரப் போக்குவரத்துப் பொறியாளராக அமர்த்தியது. அதற்கு முன் தெருவை ஒழுங்குபடுத்துவது காவலரின் பொறுப்பாகவும் ஆர்வலர்களின் பொழுதுபோக்காகவும்தான் இருந்தது. நியூயார்க்குக்கு 1903இல் வண்டியோட்டும் விதிகளை வகுத்துக்கொடுத்த வில்லியம் ஈனோ, கடைசிவரை கார் ஓட்டக் கற்காத ஒரு செல்வந்தர்.

இன்று எம்.ஈ., எம்.டெக். என்று கற்பிக்கப்படும் இத்துறையின் வரலாற்றில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. சாலையில் எதை எண்ணுவது, வண்டியையா, மனிதரையா? முதலில் கிடைத்த விடை வண்டி, அதிலும் கார். அந்த விடையிலிருந்து பாடத்திட்டம் வெளியே வரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. முழுதாக வந்துவிட்டது என்று இன்றும் சொல்ல முடியாது.

அந்த விடை பிறந்த இடத்தில் கார் கம்பெனியின் பணம் இருந்தது. மெக்ளின்டாக் தலைமையில் அமைந்த தெருப் போக்குவரத்து ஆய்வு மையத்துக்கு நிதி கொடுத்தது ஸ்டூடிபேக்கர் நிறுவனம். மையத்துக்கு வைத்த பெயரோ அந்த நிறுவனத்தின் தலைவர் ஆல்பர்ட் எர்ஸ்கினுடையது. 1926இல் ஹார்வர்டுக்கு வந்த அந்த மையம் 1938இல் யேல் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. அமெரிக்க நகரங்களின் முதல் தலைமுறைப் போக்குவரத்துப் பொறியாளர்களில் பலர் இங்கே பயின்றவர்கள். 1925இல் வெளிவந்த தம் நூலில், தெருக்களை அகலப்படுத்தினால் இன்னும் அதிக வண்டிகள்தாம் வந்து சேரும் என்று எச்சரித்தவர் மெக்ளின்டாக். சில ஆண்டுகளிலேயே அவர் குரல் மாறிவிட்டது. வண்டிகளின் ஓட்டத்தைத் தடுக்கும் உராய்வுகளை நீக்க வேண்டும், அதற்குக் குறுக்குச் சந்திப்புகள் இல்லாத விரைவுச் சாலைகள் வேண்டும் என்று வாதிட்டார். பணம்தான் கருத்தை மாற்றியது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் இரண்டும் அடுத்தடுத்து வந்தன என்பதை ஆய்வாளர் ஒதுக்கிவிடவும் முடியாது.

கணக்கு உள்ளே வந்தது புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் கையால். 1930களின் தொடக்கத்தில் ஒஹையோ மாநிலச் சாலையோரத்தில் சினிமா கேமராவை நிறுத்தி, சீரான இடைவெளியில் படம் எடுத்தார். அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஒரு கார் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்தால் வேகம் தெரிந்துவிடும். படத்தில் எத்தனை கார்கள் என்று எண்ணினால் நெருக்கம் தெரிந்துவிடும். நெருக்கம் கூடக் கூட வேகம் நேர்கோட்டில் இறங்குகிறது என்பது அவர் கண்ட முடிவு. காலியான சாலையில் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர், அசையாமல் நிற்கும் நெரிசலில் கிலோமீட்டருக்கு 120 கார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் பாதியை எடுத்துப் பெருக்கினால், 30 தடவை 60, மணிக்கு 1800 கார். அந்தச் சாலை தாங்கக்கூடிய உச்சம் அதுதான். அந்த நேர்கோட்டுக்கு அடிப்படையான வரைபடத்தில் இருந்தவை ஏழே புள்ளிகள். நெரிசலைக் காட்டும் ஒற்றைப் புள்ளி வேறொரு சாலையில் எடுக்கப்பட்டது! ஆனாலும் இன்றுவரை மாணவர் இத்துறைக்குள் நுழையும் வாசல் இந்தக் கோடுதான். எளிமைக்கு அவ்வளவு ஆயுள்.

போருக்குப் பின் துறை வேகமாகப் பெருத்தது. கலிபோர்னியா சட்டமன்றம் 1947இல் சட்டம் இயற்றி பெர்க்லியில் போக்குவரத்துக்கென்றே ஆய்வு நிறுவனம் அமைக்க வழிசெய்தது. அமெரிக்காவின் சாலைக் கொள்திறன் கையேடு 1950இல் வெளிவந்தது. பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் வார்ட்ராப் 1952இல் பாதைத் தேர்வுக்குக் கோட்பாடு தந்தார். அங்கேயே வெப்ஸ்டர் 1958இல் தந்த சிக்னல் சூத்திரம் இன்றும் தேர்வுத்தாளில் தவறாமல் வருகிறது. ஒரு சுற்றில் வீணாகும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கி ஐந்தைக் கூட்டு. சந்திப்பில் மிச்சமிருக்கும் திறனின் பங்கால் வகு. 10 விநாடி வீண், கால் பங்கு மிச்சம் என்றால் 80 விநாடிச் சுற்று. மிச்சம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினால் அதே சுற்று 200 விநாடியாக நீளும். சிக்னல் அருகே நின்று சலித்துக்கொள்பவருக்கு இதில் ஓரளவு விளக்கம் கிடைக்கும்.

மனிதரை எண்ணும் பக்கம் துறையைத் திருப்பியவர் ஒரு பொருளியலாளர். சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தின் பார்ட் ரயில் 1972இல் ஓடத் தொடங்கும் முன், பெர்க்லியின் டேனியல் மெக்ஃபேடன் வேலைக்குச் செல்வோரிடம் அவர்களின் பயணத் தெரிவுகளைக் கேட்டுக் கணித்தார். அதிகாரபூர்வக் கணிப்பு 15 சதவீதம் பேர் ரயிலில் போவார்கள் என்றது, அவருடையது 6.3 என்றது. நடந்தது 6.2. அவருக்கு 2000இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. வண்டிகளைத் தொகுத்து எண்ணுவதைவிடத் தனிமனிதர் எப்படி முடிவெடுக்கிறார் என்று கேட்பது பலன் தரும் என்பது வகுப்பறைக்கு அப்போதுதான் உறைத்தது.

இந்தியாவில் கதை வேறு பாதையில் போனது. இந்தியச் சாலைப் பேராயம் 1934இல் அமைந்தது. மத்தியச் சாலை ஆராய்ச்சி நிறுவனம் 1952இல் செயல்படத் தொடங்கியது. அமெரிக்கச் சூத்திரங்களை இங்கே கொண்டுவந்ததும் முதல் சிக்கல் எழுந்தது: தடம் பிரித்து ஓடும் கார்கள் இங்கே எங்கே? எல்லா வண்டியையும் காராக மாற்றிக் கணக்கிடுவதே அதற்குக் கிடைத்த வழி. சாலைப் பேராயத்தின் 1990ஆம் ஆண்டு வழிகாட்டி ஒன்றில் ஸ்கூட்டர் அரை கார், பேருந்து மூன்று கார், பெரிய மாட்டு வண்டி எட்டு கார். அறுபது பேர் ஏறிய பேருந்தும் காலியான பேருந்தும் இந்த அட்டவணையில் ஒன்றுதான்.

சென்னை ஐ.ஐ.டி.யின் தமிழரசன் தம் மாணவர்களோடு செய்த ஆய்வு, தடம் பிரியாமல் ஓடும் வண்டிகள் என்ற சிக்கலை வேர்வரை போய்ப் பார்த்தது. தடங்களை அறவே விட்டுவிட்டு, சாலையின் முழு அகலத்தையும் ஒரே தளமாக எடுத்துக்கொண்டு, கிடைத்த இடுக்கில் எல்லாம் நுழையும் வண்டிகளைக் கணினியில் ஓடவிட்டார்கள். 2005இல் கட்டுரை வெளிவந்தது. வண்டியின் வேகத்தையும் அது அடைக்கும் பரப்பையும் வைத்து மாறும் அலகைக் கணக்கிடும் முறையும் அக்காலத்தில்தான் பரவியது. அண்ணா பல்கலைக்கழகம் உட்பட ஏழு கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து மத்தியச் சாலை ஆராய்ச்சி நிறுவனம் தொகுத்த இந்தியக் கொள்திறன் கையேடு 2017ஆம் ஆண்டுக்குரியது. அமெரிக்கக் கையேட்டுக்கு 67 ஆண்டுகள் பிந்தியது. அதில் பாதசாரிகளுக்குத் தனி அத்தியாயம் உண்டு. ஆனால் வாகனங்களை அளக்கும் அலகு இன்னமும் கார்தான். பேருந்து எத்தனை காருக்குச் சமம் என்று நுட்பமாகச் சொல்லத் தெரிந்த பாடத்திட்டம், அந்தப் பேருந்தில் எத்தனை பேர் போகிறார்கள் என்பதையும் அதே அட்டவணையில் கேட்டாக வேண்டும். அந்தத் திருத்தம் இன்னும் பாக்கி.