அஞ்சறைப்பெட்டிச் சரக்குகளின் ஊட்டமதிப்பு

அஞ்சறைப்பெட்டிச் சரக்குகளின் சத்தை 100 கிராம் கணக்கில் ஒப்பிடுவது வழக்கம். சமையலில் சேர்வதோ தேக்கரண்டி அளவுதான். அமெரிக்க வேளாண்மைத் துறை அட்டவணைப்படி 100 கிராம் சீரகத்தில் இரும்பு சுமார் 66 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டியில் 1.4 மில்லிகிராமே. கொத்தமல்லி விதையில் நார்ச்சத்து 42 கிராம். கசகசாவில் சுண்ணாம்புச்சத்து 1,400 மில்லிகிராமுக்கு மேல்.

முதலிடம் வெந்தயத்துக்கே தரத் தகும்: புரதம் 23 கிராம், நார்ச்சத்து 25 கிராம். இரவில் ஊறப்போட்ட வெந்தயத்தைக் காலையில் விரலால் தொட்டால் வழவழக்கும். அந்த வழவழப்பு கேலக்டோமன்னன் என்ற கரையும் நார்ச்சத்து. உணவின் சர்க்கரை இரத்தத்தில் சேரும் வேகத்தைத் தணிக்கிறது.

மஞ்சளின் குர்குமினை உடல் எளிதில் உறிஞ்சாது; மிளகின் பைபரின் அதற்குத் துணைசெய்கிறது. பெருங்காயம், ஏலக்காய், கிராம்பு ஆகியவை சிட்டிகையளவே சேர்வதால் மணத்துக்கே.